திரும்பாத தலைகள்

தறிகள் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஏப்பம் விட்டார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வர்ஷினிக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அவளும் ஒரு நொடி பிந்திச் சிரித்துவைத்தாள்.

பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடம் அது. கூரை நெடுக உள்ளங்கை அகலத் தகடுகளாக ஒலிவிழுங்கியைப் பதித்திருந்தார்கள். தறியிலிருந்து ஓர் ஒலியலை எழுந்தால் தகடு அதற்கு நேர் எதிரான அலையை அனுப்பும்; இரண்டும் மோதி ஒன்றுமில்லாமல் போய்விடும். மனிதக் குரலை அது தொடாது. ஊடுநூலைச் சுமந்து நாடா குறுக்கும் மறுக்குமாகப் பறந்துகொண்டிருக்கும், துணி வளர்ந்துகொண்டிருக்கும், கூடம் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் மாதிரி அமைதியாக இருக்கும். தறிக்காரர்களுக்கு நாற்பது வயதில் காது போவது என்பது இனிக் கிடையாது.

இதைக் கொண்டுவந்தவர் தொழில்நல அலுவலர் இளமாறன். நல்ல மனிதர். அவருடைய அப்பாவும் தறி ஓட்டிக் காதைத் தொலைத்தவர். அதனால் முதலாளிகளோடு மல்லுக்கட்டி, மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கூடம் கூடமாக இந்த அமைதியைப் பொருத்திக்கொண்டு வந்தார்.

வர்ஷினிக்குத்தான் அது காலம் கடந்து வந்தது. ஐம்பது வயதுக்காரி. காதின் உள்நரம்பே பட்டுப்போய்விட்டதால் எந்தக் கருவியை மாட்டினாலும் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரைச்சல் இருந்தவரை இது யாருக்கும் தெரியாது. அப்போது கூடத்தில் எல்லோருமே உதட்டுப்பேச்சுதான். பேச வருகிறவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாக வேண்டும். முதலாளியைச் சிரித்த முகத்தோடு திட்டுவார்கள், காதல் சொல்வார்கள், நாலு தறி தள்ளி நிற்பவரிடம் குழம்பு பக்குவம் கேட்பார்கள். எல்லாம் உதட்டில். வீட்டில் மகனும் மருமகளும் திரையைப் பார்த்தபடி பேசுவார்கள். பாதி அவளுக்கு எட்டாது. கூடத்துக்கு வந்தால்தான் அவள் வாயுள்ள மனுஷி.

இப்போது கூடத்திலும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். முதுகில் எதைப் படிப்பது?

இன்னொன்றும் போயிருந்தது. முன்பெல்லாம் நாடா தடம் தவறி வெளியே எகிறப்போகிறது என்றால் அந்தத் தறியின் மேல் சிவப்பு விளக்கு மின்னும். அந்த மின்னல் கண்ணைக் கெடுக்கிறது, தலைவலி தருகிறது என்று இளமாறனே விளக்குகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். இப்போது கூரையிலிருந்து ஒரு குரல் சொல்லும்: “ஏழாம் தறி, விலகவும்.”

ஏழாம் தறி வர்ஷினியுடையது. ஒருநாள் குரல் சொன்னது. மறுபடியும் சொன்னது. அவள் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். எட்டாம் தறியிலிருந்த கிருத்திக் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் முகம் இருந்த இடத்தைக் கடந்து போய் நாடா சுவரில் அடித்தது.

“ஏனுங்க்கா, அத்தன வாட்டி கூப்புட்டுதுங்! காதுல வுழுவுலீங்ளா?”

அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருத்திக் அவள் கண்ணையே பார்த்தான். பிறகு குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைத்தான். “எத்தன நாளா?”

“வருசக்கணக்காச்சு” என்றாள் அவளும் உதட்டில்.

காது கேட்காதவரைக் குரல் எச்சரிக்கைக் கூடத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அவர்கள் உயிருக்காகத்தான் அந்த விதி. பொன்னாடை போர்த்தி, ஓய்வூதியம் கொடுத்து, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வர்ஷினிக்குச் சாவைவிட அந்தப் பொன்னாடைதான் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் செவிமானி வரப்போவதாகச் சேதி வந்தது. முன்பு காது சோதனையில் முதலாளிகள் செய்த திருட்டுத்தனம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இளமாறன் போராடி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். செவிமானியைக் கூரையில் ஒருநாள் முழுக்கத் தொங்கவிடுவார்கள். அது நினைத்த நேரத்தில், நினைத்த குரலில் யாரையாவது கூப்பிடும். கூடத்தில் எழும் மற்றக் குரல்களையும் கேட்டுக்கொண்டிருக்கும். யார் திரும்புகிறார்கள் என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லும். அதன் தீர்ப்பே முடிவு. அலுவலர் தன் காதால் கேட்டதை அதில் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது.

தேநீர் வேளையில் கிருத்திக் கூட்டம் சேர்த்தான். “ஒருத்தருமே திரும்பாம நின்னா என்னங்? எல்லாருஞ் செவுடுன்னா எல்லாத்தையுமா வூட்டுக்கு அனுப்புவாங்க? அப்பறம் தறிய ஆரு ஓட்டறது, மொதலாளி மோகித்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒலிவிழுங்கி வந்த பிறகு சேர்ந்த புதுப்பெண் இதழினி, எப்போதும் பாடிக்கொண்டே தறி ஓட்டுகிறவள், வர்ஷினியின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். “நானும் அன்னைக்குப் பாடுலீங்க்கா” என்றாள். வர்ஷினிக்கு அழுகை வந்துவிட்டது.

சோதனை நாளன்று செவிமானி கூப்பிட்டது, கெஞ்சியது, அதட்டியது. ஒரு தலை திரும்பவில்லை. யாரோ பித்தளைச் சொம்பைக் கீழே போட்டார்கள், அதற்கும் திரும்பவில்லை. மூன்றாம் தறிக்காரர் மட்டும் சிரிப்பு தாங்காமல் நூல்கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். குரலுக்கு வேலையில்லாமல் போனதால் எல்லோரும் பழையபடி எதிரே வந்து நின்று பேசினார்கள். வர்ஷினிக்கு அன்று முழுக்க வாய் ஓயவில்லை.

சாயங்காலம் இளமாறன் தீர்ப்பைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. வாசலில் மோகித்திடம் அவர் பேசியதை வர்ஷினி தூரத்திலிருந்தே படித்தாள்.

“கூடமே செவுடுங்க. நான் லேட்டா வந்துட்டேன். எல்லாருமே இப்படின்னா ஆளுகள அனுப்ப வேண்டியதில்லைங்க, பழையபடி வெளக்கு மாட்டிட்டாப் போதும். ஆனா ஒலிவிழுங்கி இங்க இருந்து என்ன பிரயோசனம்? நாளைக்கே கழட்டி, காது மிச்சம் இருக்கற எடத்துக்குக் கொண்டுபோறேன்.”

மற்றவர்களுக்கும் அது கேட்டது. அப்போதும் யாரும் திரும்பவில்லை. கிருத்திக்கின் உதடு மட்டும் அசைந்தது: “செயிச்சிட்டம்க்கா.” ஆனால் அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

வர்ஷினிக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். இரைச்சல் திரும்பும், முகங்களும் திரும்பும். பிறகுதான் இதழினியைப் பார்த்தாள். அந்தப் பெண் தன்னை அறியாமல் ஒரு கையைக் காதில் வைத்திருந்தாள். வர்ஷினி பார்ப்பதைக் கண்டதும் கையை இறக்கிவிட்டு “பரவால்லீங்க்கா” என்று உதட்டை அசைத்தாள். இப்படித்தான் இவளும் ஒருநாள் தன் பாட்டு தனக்கே கேட்காமல் நிற்பாள் என்று வர்ஷினிக்குத் தோன்றியது.

கூடத்துக்குள் அவள் குரலெடுத்துப் பேசி எத்தனையோ வருஷமாயிற்று. எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதுகூட மறந்துபோயிருந்தது. பழைய இரைச்சலுக்கு மேலே கத்துவதுபோல் கத்தினாள்.

“எனக்கு மட்டுந்தானுங் காது கேக்காது! இவங்க அத்தன பேருக்கும் நல்லாக் கேக்கும்! அதக் கழட்டிப்போடாதீங்!”

கூடத்திலிருந்த அத்தனை தலைகளும் வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பின. அந்தக் குரலைக் கேட்காதவள் அங்கே அவள் ஒருத்திதான்.

செவிமானியை இன்னும் அணைக்கவில்லை. அது பச்சையாக மின்னி, தீர்ப்பைத் திருத்தி எழுதியது: ஒரு குரல் எழுந்தது, எல்லோரும் திரும்பினார்கள், செவியிழப்பு யாருக்கும் இல்லை. கூப்பிட்டவரின் காதைச் சோதிக்க அதற்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

இளமாறன் திரையை இரண்டுமுறை பார்த்தார். பிறகு வர்ஷினியின் எதிரே வந்து, அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து, நிதானமாக உதட்டை அசைத்தார். அப்பாவிடம் அப்படித்தான் பேசியிருப்பார் போலிருக்கிறது. ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

“ஒலிவிழுங்கி இங்கயே இருக்கும்மா. உங்களுக்கும் காது நல்லாக் கேக்குதுன்னு தீர்ப்பு வந்துருச்சு.”

“நாந்தான் சொல்றனேங், கேக்காதுன்னு!”

“என் காதுல வுழுந்தது செல்லாதும்மா. நான் கேட்டு வாங்குன சட்டம் அது.”

“அப்ப வெளக்காவது மாட்டிக் குடுங்.”

அவர் தலையை ஆட்டினார். “காது கேக்கறவங்க கூடத்துல வெளக்கு மாட்டக் கூடாதும்மா. அதுவும் நான் எழுதுனதுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் கூடம் அமைதியாக ஓடியது. இதழினி பாடினாள். ஒலி இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல் வர்ஷினி அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பாட்டு நின்றது. வாய் திறந்தபடியே இதழினி இவளைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தால் ஒவ்வொரு முகமும் இவளைத்தான் பார்த்தது. கூரை தன்னைக் கூப்பிடுகிறது என்று புரிந்து வர்ஷினி சட்டென்று விலகினாள். நாடா எகிறிப் போய்ச் சுவரில் அடித்தது.

அதன் பிறகும் அந்த முகங்கள் திரும்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் கிருத்திக்கின் தறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாடாவுக்கு ஒரு சாண் தள்ளி அவன் கை இருந்தது. அவன் கண் மட்டும் இவள் மேல்.

“என்னயப் பாக்காதீங் தம்பி, உங்க தறியப் பாருங்” என்றாள்.

“பாத்துட்டுத்தானுங்க்கா இருக்கறேன்” என்றான் அவன், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.