பழத்துக்கு என்ன கேக்கும்

கோடு எழும்பியது. திரையில் அது எழும்பியிருக்கவே கூடாது. ஏனென்றால் கம்பித் தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஒரு தர்பூசணி.

பழம் உட்கார்ந்திருப்பது அந்த ஆய்வுக்கூடத்தில் வழக்கம்தான். நோயாளியின் மூளை அலையைப் பதிவு செய்வதற்கு முன்னால், தலை அளவுக்கு ஒரு பழம் வாங்கி, அதற்குத் தொப்பி மாட்டி, காது இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்போனும் வைத்து, மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். பழத்துக்கு ஏது மூளை? அதிலிருந்து வருவதெல்லாம் மெஷினுடைய இரைச்சல். வேலை முடிந்ததும் பழத்தை நறுக்கி எல்லோரும் தின்றுவிடுவார்கள்.

டாக்டருக்கு மூளை உள்ளவர்களையே பிடிக்காது, பழம் எம்மாத்திரம்! தன்னைத் தவிர மற்றவர் தலையில் இருப்பதெல்லாம் களிமண் என்பது அந்த மகா மேதாவியின் கண்டுபிடிப்பு. அதை மட்டும் அவர் சோதனை செய்து பார்த்ததே கிடையாது. அசையாமல் கிடக்கும் நோயாளிகளின் வார்டுக்கு அவர் வைத்த பெயர் காய்கறி மார்க்கெட். அன்று காலையில்கூட ஒரு லாரி டிரைவரின் மனைவி, "அவருக்குக் கேக்குது டாக்டர், நான் பேசினா மூச்சு மாறுது" என்று அழுதபோது, படுத்திருந்தவரின் நெற்றியில் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா? உள்ள யாரும் இல்லம்மா. நாளைக்குக் காலையில மூச்சுக் குழாயை எடுத்துடலாம்."

பச்சைப் பொய். "வலது கையை மூடுங்க" என்று டாக்டரின் பதிவுக் குரல் ஹெட்போனில் சொல்லும்போதெல்லாம் டிரைவரின் கோடு எழும்பத்தான் செய்தது. டெக்னீஷியன் பெண் அதைக் காட்டினாள். "வெறும் இரைச்சல்மா, பதிவிலேர்ந்து தூக்கிடு" என்றார். இப்படிக் கிடப்பவர்களுக்கு எதுவும் கேட்காது என்று அவர் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. அதைத் திரும்ப வாங்கினால் மானம் போகுமே! டிரைவர் போனால் யாருக்கு என்ன?

இப்போது சாயங்காலம். அடுத்த நோயாளிக்காகப் பழத்தை வைத்துவிட்டு அந்தப் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள். திரைக்கு முன்னால் டாக்டர் மட்டும் இருந்தார். வெளி மின்சாரம் எதுவும் நுழையாதபடி சுவரெல்லாம் செப்புத் தகடு அடித்த அந்த அறையில், ஏசியின் குளிரும் தொப்பிக்குத் தடவும் பசையின் வழவழத்த வாடையும் தவிர வேறெதுவும் இல்லை. குழல் விளக்கு வெளிச்சத்தில் பழத்தின் நிழல் சுவரில் மொட்டைத் தலையாக விழுந்து கிடக்க, ஹெட்போனிலிருந்து அவருடைய குரலே கொசு முனகுவதுபோல் கசிந்துகொண்டிருந்தது.

"வலது கையை மூடுங்க." எழும்பியது.

"கையை விடுங்க." இறங்கியது.

கம்பியை மாற்றினார். எழும்பியது. பதிவை நிறுத்தினார். அடங்கியது. மறுபடி போட்டார். எழும்பியது.

"கையே இல்லாத சனியனே, எதைடா மூடுற?" என்று கத்தினார். திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் துள்ளின. யாரோ அவசர அவசரமாகப் பதில் சொல்வதுபோல.

மெஷின்தான் கெட்டிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நல்ல மூளையில் மாட்டிப் பார்ப்பது. இந்தக் கட்டடத்தில் அது ஒன்றே ஒன்றுதானே இருக்கிறது! தொப்பியைக் கழற்றிப் பழத்தைத் தூக்கினார். வெதுவெதுவென்று இருந்தது. சீ என்று மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

"வலது கையை மூடுங்க."

மூடினார். கோடு எழும்பியது. அப்பாடா!

கையைப் பார்த்தார். திறந்தே கிடந்தது.

மறுபடி மூடினார். கோடு எழும்பியது. கை அப்படியே. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாக்கு இல்லை. இமை இல்லை. ஹெட்போனில் அந்தக் குரல் மட்டும்.

ஐயோ. கேக்குது. அந்த டிரைவருக்குக் கேக்குது. சொல்லணும். யார்கிட்டயாவது.

கதவு திறந்தது. டெக்னீஷியன் பெண் கத்தியும் தட்டுமாக வந்தாள். பின்னாலேயே டிரைவரின் மனைவி.

"சார் கிளம்பிட்டார் போலிருக்கும்மா" என்றாள் பெண், அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே. "குழாயை எடுக்கக் கையெழுத்தும் போட்டுட்டார். இனிமே யார் சொன்னாலும் மாத்த மாட்டார். காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலையே, ஒரு துண்டாவது சாப்பிடுங்க."

திரையில் கோடுகள் துள்ளின. டாக்டர் உயிரைக் கொடுத்துத் துள்ளவைத்தார்.

"மறுபடியும் இரைச்சல். இதைத் தூக்கிடணும்னு சார் சொல்லியிருக்கார்" என்று அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். கோடு நேராகிவிட்டது.

டிரைவரின் மனைவி கிட்டே வந்து குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏம்மா, இதுக்குக் கேக்குமா?"

"நல்லா இருக்கே! பழத்துக்கு என்னம்மா கேக்கும்?"

பெண் சிரித்தபடி அவர் நெற்றியில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டொக். டொக்.

"நல்லாப் பழுத்திருக்கு."

கத்தியைத் துடைத்தாள். அதன் நுனி உச்சந்தலையில் ஜில்லென்று பதிந்தது.

"வலது கையை மூடுங்க" என்றது குரல்.

மூடினார். மூடினார். மூடிக்கொண்டே இருந்தார்.