உள்ளூறல் வழக்கு

உப்பு லோடு ஏற்றிய உடம்போடு கொம்பையா வாரிய அலுவலகத்துக்குள் நுழைந்ததும், வாசல் தூணில் தொங்கிய மோப்பான் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் கொடுத்தது. காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளினான்.

"உட்காரு. நம்பர் வந்தா போ."

கூடத்தில் வரிசை வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். எதிர்ச் சுவரில் போதை ஒழிப்பு வாரியத்தின் வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் காலத்து ஆட்கள் காக்கி உடுப்போடு காட்டுக்குள் புகுந்து சாராயப் பானைகளை உடைத்தார்கள். மலைச்சரிவில் கஞ்சாச் செடிகள் எரிந்தன. அடுத்து படகுகள், கப்பல் பெட்டிகள், மாத்திரை செய்த வீடுகள். பிறகு மோப்பான் வந்தது. மனுஷ மூச்சில் ஒரு துளி போதை கலந்திருந்தாலும் முகர்ந்து கூவும் கருவி. தெருவுக்கு ஒன்று மாட்டினார்கள். சில வருஷத்தில் நாட்டில் பிடிக்க ஆளே இல்லை. கடைசிக் கடத்தல்காரன் பல் போன கிழவன். இரண்டு அதிகாரிகளுக்கு நடுவில் அவன் கண் கூசி நிற்கும்போது சுவர் வெற்றி இசை முழக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடும். பிடிக்க யாரும் இல்லாத வாரியத்தில் லட்சம் பேர் சம்பளத்தில் இருந்தார்கள். மோப்பானும் நிற்காமல் கூவியது. சரக்கே இல்லாத ஊரில் இது எதை முகர்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். மனுஷ மூளை தானே ஒன்றை ஊறவைக்கிறது, அது அபினுக்குள் இருப்பதற்கு உடன்பிறப்பு என்று தெரிந்தது. உள்ளூறல் என்று பெயர் வைத்தார்கள். ஓடினால் ஊறும். வாய்விட்டுச் சிரித்தால் ஊறும். பிள்ளைக்குப் பால் கொடுத்தால் ஊறும். சட்டத்தில் 'வெளியிலிருந்து உட்கொண்ட' என்று இருந்ததை மட்டும் அடித்தார்கள். வாரியத்துக்கு மறுபடியும் வேலை வந்தது.

அளவுக்கு மேல் ஊறினால் தணிப்பு. பிடரியில் ஒரு ஊசி. ஊற்றுக்கண் ஆயுசுக்கும் அடைந்துவிடும்.

கொம்பையாவின் மனைவி பேச்சித்தாயைப் பிரசவமான மறுமாதமே தணித்துவிட்டார்கள். இப்போது அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுக்கிறாள். முடிந்ததும் பிள்ளையைப் பாயில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவாள். பிள்ளை அழும். அவளுக்குக் காது கேட்கும், எழுந்து போகத்தான் தோன்றாது. அந்தத் தெருவில் தாயும் தகப்பனும் தணிந்த வீடுகள் நாலைந்து உண்டு. அங்கே பிள்ளைகள் அழுவதையே விட்டுவிட்டன. தொட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடக்கும். கொம்பையா வீட்டுப் பிள்ளை மட்டும் இன்னும் அழுகிறது. வேலை விட்டு வந்து அவன் தூக்குவான் என்று அதற்குத் தெரியும்.

அவன் நம்பர் வந்தது.

ஆய்வாளர் தமயந்தியின் மேசைமேல் புது மோப்பான் இருந்தது. வாரியத்தின் ஆண்டு விழாவுக்காக அன்று காலையில்தான் எல்லா அறைகளிலும் வைத்திருந்தார்கள். அறைக்குள் யாரிடம் ஊறல் அதிகமோ, அவர் பக்கம் அதன் முள் திரும்பும்; அளவைத் தாண்டினால் கூவும். பழையதில் அதிகாரிகளுக்கு விலக்கு இருந்தது. குடி இல்லை, கூத்து இல்லை, மூட்டை தூக்குவதில்லை, நமக்கு எதற்கு விலக்கு என்று வாரியத் தலைவரே பெருமையாக அதை எடுத்துவிட்டார்.

முள் கொம்பையாவைப் பார்த்து நின்றது; இன்னும் கூவவில்லை.

"அசையாம படுத்துக்கிடந்துட்டு சோதனைக்கு வான்னு போன்ல சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா."

"கிடந்தியா?"

"நேத்து பூரா கிடந்தேன். இன்னைக்குக் காலைல ஒரே ஒரு லோடு."

"எதுக்கு?"

"ஆள் குறைஞ்சா அவன் பங்கு மூட்டை மத்தவங்க முதுகுல ஏறும்மா. எங்க செட்டுல அப்படித்தான். நேத்து என் பங்கை யோவான் அண்ணன் தூக்கிட்டாரு. அவருக்கு முட்டு போச்சு."

"அவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட மாட்டாரு. 'போல, புது மாப்பிள்ளை கணக்கா படுத்துக்கோ'ன்னாரு. அதான் பொறுக்கல."

லாரி நிறையும்வரை உட்காருவதில்லை என்பது அந்த செட்டின் வழக்கம். கடைசி மூட்டை ஏறியதும் முதுகு பஞ்சாகிவிடும். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் வழக்கு.

"அம்மா, வீட்டுல அவளைத் தணிச்சாச்சு. என்னையும் தணிச்சா பிள்ளையைத் தூக்க ஆளில்ல. அது கிடந்தே போயிரும்."

"கிடந்தா என்ன? சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளைதானே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சுகமாக, தூண்டிலில் விழுந்த மீனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். "எத்தனை மாசமா உன்னைக் கண்ணுல வச்சிருக்கேன் தெரியுமா?"

முள் ஆடியது. கொம்பையாவை விட்டு மெல்ல நகர்ந்து, மேசையைக் கடந்து, தமயந்தியின் நெஞ்சுக்கு நேராக நின்றது. மோப்பான் கூவியது.

அவள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். சுவர்தான் இருந்தது. நாற்காலியை வலப்பக்கம் தள்ளினாள். முள்ளும் வலப்பக்கம் வந்தது.

கூவலைக் கேட்டு வெளியே நின்ற இரண்டு சேவகர்கள் உள்ளே வந்தார்கள். அலுவலகத்துக்குள் கூவினால் அங்கேயே, அப்போதே தணிப்பு, அது யாராக இருந்தாலும். அதுதான் விதி.

"நான் எதுவும் சாப்பிடலையே" என்றாள் தமயந்தி.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம்" என்றான் மூத்த சேவகன். பத்து வருஷம் அவளிடம் திட்டு வாங்கியவன். அவள் தோளைப் பிடித்ததும் அவன் உதட்டோரம் லேசாக ஏறியது. முள் அவன் பக்கம் திரும்பிக் கூவியது.

மறு சேவகன் இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த அறையில் ஒரு கூவல். அதற்கடுத்த அறையில் ஒன்று. பிறகு மாடியில். கொம்பையா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான். ஓடிப்போகலாம் என்று தோன்றவில்லை. வழக்கு முடியாமல் ஓடினால் வீட்டுக்கு வந்து தணிப்பார்கள்.

வெயில் சாய்ந்தபோது கட்டடம் அடங்கியது. தமயந்தி தானாகவே நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிடரியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கழுத்து வலிக்குது" என்றாள்.

"வலிக்கும்மா. இனி அது இறங்காது."

அவள் தலையசைத்தாள். திரையில் அவன் வழக்கு திறந்தபடியே இருந்தது. கொம்பையா அவள் முகத்தில் இரக்கம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினான். இல்லை. வன்மமும் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது முகம்.

தணிப்புக்கு அனுப்ப ஆறு இடத்தில் விரல் வைக்க வேண்டும். விடுவிக்க ஒரு இடம் போதும். அவள் ஆறையும் பார்த்தாள். ஒன்றைப் பார்த்தாள். கையை நீட்டியதும் கழுத்து இழுத்தது. பக்கத்தில் இருந்த ஒன்றில் விரலை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"போ."

"நெசமாவாம்மா?"

அவள் அவன் நின்ற இடத்தைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் அறைகள் திறந்து கிடந்தன. பிடரியில் பஞ்சோடு அதிகாரிகள் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். மின்விசிறி காற்றில் காகிதங்கள் தரையில் உருண்டன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. வாசலில் கொம்பையாவைக் கண்டதும் மோப்பான் பலமாகக் கூவியது. காவலாளி அதையும் பார்த்தான், அவனையும் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

கொம்பையா ஓடினான். ஒவ்வொரு தெருமுனையிலும் மோப்பான் அவனைக் கண்டு கூவியது. ஒரு வண்டியும் துரத்தி வரவில்லை.

வீட்டில் பேச்சித்தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழுது அழுது தொண்டை கம்மிக் கிடந்தது. அள்ளித் தோளில் போட்டான். அதன் உடம்பு அவன் மேல் சூடாக ஒட்டியது. மெல்ல விம்மல் நின்றது. அவன் முகத்தை அடையாளம் கண்டு, சிரிக்க வாயைத் திறந்தது.

வெளியே தெரு மோப்பான் செருமியது.

இனி யாரும் வரமாட்டார்கள் என்று கொம்பையாவுக்குத் தெரியும். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். தெரிந்தும், அவன் கை தானாக எழுந்து பிள்ளையின் வாயைப் பொத்தியது.