புழு இல்லாத பாத்தி

டிராக்டர் சக்கரம் பாத்தி ஓரத்தில் ஊன்றியிருந்த சிவப்புக் கொடியை மிதிக்கப் போன நேரத்தில்தான் அவள் குறுக்கே வந்து நின்றாள். தூறல்... கையில் குடை இல்லை. கண் நிறையக் கோபம் இருந்தது.

"இது பாதை இல்ல. என் ஆராய்ச்சி."

"எங்க அப்பா நிலம்ங்க இது," என்றான் அவன், பிரேக்கை மிதித்தபடி. அதில் ஒரு மூலையை அப்பா அவள் ஆராய்ச்சிக்கு விட்டிருந்தது அவனுக்குத் தெரியாது. ஒரு மழைத்துளி அவள் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது... அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான், மடையன்.

அன்றிலிருந்து அவள் 'மண்ணு டாக்டர்'. மண்ணுக்கு என்ன காய்ச்சலா என்று வம்புக்கு இழுப்பான். தரையில் கவிழ்த்த டப்பாவைக் காட்டி, மண் விடுகிற மூச்சை அளக்கிறேன் என்பாள் அவள். வைக்கோலை மண்புழு தின்று கீழே இழுக்கும். அதன் எச்சத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். வைக்கோலில் இருந்த கார்பனில் கொஞ்சம் மூச்சாகக் காற்றுக்குப் போகும், கொஞ்சம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எது அதிகம் என்பதுதான் அவள் கேள்வி. அதற்காகப் பாதிப் பாத்திகளில் புழு விட்டிருந்தாள். மீதியைச் சுற்றித் தகடு இறக்கி, ஒரு புழுகூட நுழையாமல் காத்துவந்தாள்.

"புழு தனியா ஒண்ணும் பெருசா கிழிக்காது. பூஞ்சையும் அப்படித்தான். யாரு யாரோட சேர்றாங்க... அதுலதான் எல்லாம் இருக்கு," என்றாள் ஒருநாள். சொன்ன பிறகு ஏனோ அவள் காது சிவந்தது. அவன் மண்வெட்டியில் இல்லாத சேற்றைச் சுரண்டினான்.

அவன் ஆசையில் மண்ணைப் போட்டது அக்காதான். அறுவடை முடிந்ததும் அந்த மண்ணு டாக்டர் மூட்டை கட்டிவிடுவாள், படித்தவள் உன்னை எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறாள் என்றாள். சுருக்கென்றது. போகாதீங்க என்ற சொல் தொண்டை வரை வரும்... பாழாய்ப்போன வீம்பு அதை விழுங்கிவிடும்.

அறுவடைக்கு முன் அவள் தகடு அடித்த பாத்தியைத் தோண்டினாள். புழு இருக்கவே கூடாத மண்ணில் புழு நெளிந்தது. அடுத்ததைத் தோண்டினாள். அதிலும்தான். ஈரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி வந்துச்சு?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம்.

"நான்தான் விட்டேன். கெட்டுப்போனா மறுபடி முதல்ல இருந்து செய்வீங்க... இன்னும் ஒரு வருஷம் இருப்பீங்கன்னு. உங்கள எனக்குப் பிடிக்கும். இருங்கன்னு கேக்க வாய் வரல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து, கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். குனிந்து உதவ வந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் ஒரு வருஷம் வேணும்னு ஆபீஸ்ல நானே கேட்டிருந்தேன். இந்த முடிவு சரியா வந்தா தர்றோம்னாங்க. இனிமே தர மாட்டாங்க."

அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "எதுக்குக் கேட்டீங்க... வேலை முடியலையா?"

"வேலைக்கு இந்த வருஷமே போதும்." அவள் குரல் உடைந்தது. கோபமா, அழுகையா... அவளுக்கே தெரியவில்லை. "உங்களுக்காகத்தான் கேட்டேன்."

கடைசிக் கொடியையும் பிடுங்கிச் சாக்கில் போட்டாள்.

"இனிமே இது பாதைதான். டிராக்டரை ஓட்டுங்க."