சார்ஜ் இறங்காத கார்

அலுவிகாரையில் இருந்த கராஜுக்கு றிஸ்மியா போனபோது மெக்கானிக் ஷிஹாம் அவளுடைய காரின் அடிப்பாகத்தை மூடிக்கொண்டிருந்தான். ஜப்பானில் ஓடித் தேய்ந்த எலெக்ட்ரிக் கார். பேட்டரியின் மிச்ச உயிரையும் இங்குள்ள வெயில் குடித்துவிட்டது. முழுசாகச் சார்ஜ் ஏற்றினாலும் நாலந்தாவிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி ஏற்றத்தில் படுத்துவிடும். டயலிசிஸ் தவறினால் சிறுநீரகம் பழுதான உம்மாவுக்கு மூச்சு முட்டும்.

"பேட்டரியில செத்த செல் எல்லாத்தையும் கழட்டி வேற போட்டிருக்கேன், தங்கச்சி."

"எங்கிருந்து எடுத்தீங்க, ஷிஹாம் நானா?"

"அடிபட்ட கார் ஒன்னுல."

"அதுல வந்தவங்க?"

"ஒரு மனிசி. அந்த எடத்துலயே மவுத்தாயிட்டா. செல்லுக்கு அதெல்லாம் தெரியுமா?" சிரித்தான்.

இதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பட்டம் வாங்கிய றிஸ்மியாவும் கேட்கவில்லை. கார் ஓடினால் போதும்.

ஓடியது. உம்மா கைறுன்னிஸாவைப் பின்சீட்டில் சாய்த்துவைத்து ஏற்றம் முழுக்க ஏறினாள். சார்ஜ் இறங்கவில்லை.

திரும்பி வந்தும் இறங்கவில்லை.

சார்ஜ் வயரையே தொடாமல் வாரங்கள் போயின. நிறுத்தி வைத்த காரின் பின்சீட்டில், இப்போதுதான் ஆள் எழுந்துபோன மாதிரி ஒரு சூடு. யாரோ பூசிய பவுடரின் வாடை.

ஒவ்வொரு பயணத்திலும் உம்மாவின் உடம்புதான் குளிர்ந்துகொண்டே வந்தது.

"மகள், எனக்குப் பக்கத்துல ஒருத்தி பேசுறா," என்று ஒருநாள் உம்மா கிசுகிசுத்தாள். "நகந்து உக்காரச் சொல்றா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நகந்துதான் குடுக்கேன். பாவம், அவளுக்கு எடமில்லையாம்."

அன்றைக்கே உம்மாவை வீட்டில் படுக்கவைத்துவிட்டு றிஸ்மியா ஷிஹாமிடம் போய் நின்றாள். "கழட்டுங்க."

"பைத்தியமா? இப்புடி ஒரு பேட்டரி..."

"கழட்டுங்கன்னு சொன்னேன்!"

செல்களை அவள் கண்முன்னே கழற்றினான். கார் செத்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வந்தபோது உம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கை சுடச்சுட இருந்தது. சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டிருந்தாள்.

சந்தோசம் வரும் என்று றிஸ்மியா காத்திருந்தாள். வரவில்லை.

"உம்மா, தேத்தண்ணி ஊத்தவா?"

உம்மா அவளை மரியாதையோடு பார்த்தாள்.

"ஊத்துங்க. நீங்க இந்த வீட்டு மகளா?"

உம்மாவின் மேலிருந்து காரில் அடித்த அதே பவுடரின் வாடை வந்தது.

"நல்ல மனிசி, உங்க உம்மா," என்றாள் பின்சீட்டுக்காரி, உம்மாவின் வாயால். "கடைசி வரைக்கும் நகந்து குடுத்தா."

றிஸ்மியா போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.