முரண்டு பிடிக்காத இதயம்

மானிட்டரில் நாடித்துடிப்பின் எண் அசையவில்லை. எழுபத்திரண்டு. தொண்டையைத் திறந்து காட்டும் எஃகு அலகை வாய்க்குள் நுழைத்து நாக்கை ஒதுக்கித் தூக்கியபோதும் எழுபத்திரண்டு. குரல் நாண்களுக்கு நடுவே சுவாசக் குழாய் இறங்கியபோதும் அதே எழுபத்திரண்டு.

மயக்க மருத்துவரான அவளுக்கு இது பிடிக்கவில்லை. எவ்வளவு மருந்து கொடுத்துத் தூங்க வைத்தாலும் தொண்டைக்குள் எஃகு போனால் உடம்பு சும்மா இருக்காது. நாடி துள்ளும், ரத்த அழுத்தம் எகிறும், கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் அடங்கும். முரட்டுத்தனமாகத் தூக்கினால் துள்ளல் கூடும். இதமாகத் தூக்கினால், அல்லது கேமரா வைத்த அலகாக இருந்தால், குறையும். அடியோடு இல்லாமல் போய் அவள் பார்த்ததில்லை. அந்த முரண்டு அவளுக்கு ரகசியமாகப் பிடிக்கும். 'உன்னைப் புதைச்சாலும் எந்திரிச்சு வந்து வாதாடுவே' என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்; மயங்கிக் கிடக்கிற ஒவ்வொரு உடம்பும் தன் கட்சிதான் என்று அவளுக்குத் தோன்றும்.

மேஜையில் கிடந்தவள் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவள். கழுத்துக் கட்டி மூச்சுக்குழாயை நெருக்கியதில் குரல் கம்மிப் போயிருந்தது. "தொண்டை போனா பொழப்பே போச்சு டாக்டர், விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

"ஒண்ணுமே ஏறலையே! நல்லதுதானே டாக்டர்?" என்றாள் நர்ஸ்.

மருத்துவர் மானிட்டரை நெருங்கினாள். ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். கையில் கட்டிய பட்டை உப்பி இறங்கி, ரத்த அழுத்தத்தையும் பழைய எண்ணாகவே காட்டியது. ஏலக்காரியின் கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இருந்தது, சுவர்க் கடிகாரம் போல, யாருக்கும் எதற்கும் அசையாமல். மங்கலான கண்ணாடி ஜன்னல் வழியாக மத்தியான வெயில் பாலாய் வடிந்தது. கிருமிநாசினி நெடியும் சூடேறிய ரப்பர் வாடையும் கலந்த குளிர்காற்றில், சுவாச இயந்திரம் நீளமாகப் பெருமூச்சு விட்டு, நிறுத்தி, மறுபடி விட்டது.

அப்போதுதான் தன் வாயில் ஏதோ கசப்பதை உணர்ந்தாள். உலோகத்தின் சுவை. தாடை வலித்தது. நாக்கின் அடியில், யாரோ நெம்பியது போல ஒரு கடுப்பு. மார்புக்குள் இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. காதுக்குள் அதன் இரைச்சல். எப்போதிருந்து? யோசித்தாள். அலகைத் தூக்கிய அந்த நொடியிலிருந்து.

சேச்சே. மத்தியானம் சாப்பிடாததுதான்.

இருந்தாலும் ஏலக்காரியின் இடது காது மடலை நகத்தால் கிள்ளினாள்.

எண் அசையவில்லை. அவளுடைய சொந்த இடது காது தீயாய் எரிந்தது.

"டாக்டர், என்ன இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? உட்காருங்க" என்றாள் நர்ஸ்.

"வேண்டாம்." குரல் கரகரத்தது, குழாய் உரசிய தொண்டையிலிருந்து வருவதுபோல.

அறுவை மருத்துவர் கைகளை ஏந்தியபடி வந்து நின்றார். பச்சைத் துணி விரித்தார்கள். கழுத்து மட்டும் சதுரமாய்த் தெரிந்தது, கட்டி ஒரு பக்கம் புடைத்து.

"ஆரம்பிக்கலாமா மேடம்?"

"இருங்க சார். நான் சொல்ற வரைக்கும் கத்தி வைக்கக் கூடாது."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதுதான் பிரச்சினை."

அவர் சிரித்தார். "ஒண்ணும் ஆகலைன்னு புகார் சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

துணியின் மறைப்புக்குள் குனிந்து மயக்க வாயுவின் திருகைக் கொஞ்சம் கூட்டினாள். அவளுடைய இமைகளே கனத்தன. முட்டி மடங்கியது. வெயிலும் விளக்கும் தூரத்துக்குப் போயின. அலறியடித்துத் திருகைத் திருப்பினாள். மெதுவாக அறை திரும்பி வந்தது.

ஆக, தூங்க வழியில்லை. அவள் தூங்கினால் இந்த மூச்சை யார் பார்ப்பது?

குழாயை எடுத்து ஏலக்காரியை எழுப்பிவிடலாமா? கட்டி மறுபடி நெருக்கும். குழாய் இல்லாமல் அந்தத் தொண்டை தாங்காது. வேறு ஆளைக் கூப்பிடலாமா? வருகிறவருடைய கழுத்துக்கு இந்த வலி போகும். போகாமலும் இருக்கலாம். இந்த இரண்டில் எது என்று பார்க்க இன்னொருத்தரை நிறுத்துவதா?

குனிந்து ஏலக்காரியின் முகத்தைப் பார்த்தாள். டேப் ஒட்டிய இமைகள். சாந்தம். இந்த மாதிரி சாந்தத்தை மயக்கத்தில் அவள் கண்டதே இல்லை. எல்லா பாரத்தையும் இறக்கி வைத்துவிட்ட முகம். அந்த முகத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று காத்திருப்பதுபோல் இருந்தது. அவள் பயந்து கையை எடுக்கட்டும் என்று.

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம்.

"எடுக்க மாட்டேன்," என்றாள், துணிக்கு அடியில், அது கேட்கும்படி. "உன்னால ஆனதைப் பாரு. இவளை விட மாட்டேன்."

இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சுவாசப் பையை இடது கையில் பற்றினாள். வலது கையால் குழாயைப் பிடித்தாள். கால்களை அகட்டி ஊன்றினாள்.

"மேடம்?"

"வெட்டுங்க சார்."

கத்தி இறங்கியது.

குளிர்ச்சி முதலில். பிறகு நெருப்பு. கழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி, நிதானமாக. கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. பையை அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள்.

"பாருங்களேன்," அறுவை மருத்துவர் வியந்தார். "ஒரு சொட்டு ரத்தம் இல்ல. இப்படி ஒரு கழுத்தை நான் பார்த்ததே இல்ல."

மயக்க மருத்துவரின் அங்கிக்குள் சூடாக ஏதோ இறங்கியது. மார்பில். வயிற்றில். முழங்காலில்.

அழுத்தினாள். விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் விரிங்க," என்றார் அவர். உதவியாளர் கொக்கிகளை மாட்டி இழுத்தார்.

நர்ஸின் கையிலிருந்த தட்டு நழுவிக் கீழே விழுந்தது. அவள் நோயாளியைப் பார்க்கவில்லை. மேஜையின் தலைமாட்டில் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்: முகமூடிக்குக் கீழே, யாரும் தொடாமல், மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்த கழுத்தையும், அதற்குக் கீழே இன்னும் விடாமல் பையை அழுத்திக்கொண்டிருந்த கையையும்.