படியடியில் சப்பாத்துகள்

நூறு கிலோமீற்றருக்குப் பதினேழு லீற்றர் டீசல் குடிக்க வேண்டிய வண்டி, புரோக்கன் ஹில் என்ற ஊரைத் தாண்டிய பிறகு இருபத்திரண்டு குடித்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒளிர்ந்த அந்த எண்ணைச் சுஜீவா மூன்றாம் தடவையாக எட்டிப் பார்த்தாள். எதிர்க்காற்று என்றார் அவள் கணவர் யோகேஸ்வரன். பாதையோரத்தில் ஒரு புல்லும் அசையவில்லை.

பின்னால், கட்டில் மேசை எல்லாம் வைத்த எட்டு மீற்றர் நீளக் கரவன் இழுபட்டு வந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கியது. கிளென் வேவர்லி வீட்டு வாசலில் அதை நிறுத்தி, உள்ளே பால் காய்ச்சி, பிள்ளையார் படமும் மாட்டி, இதுவும் ஒரு வீடுதான் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். வீடென்றால் சட்டமும் உண்டு. சப்பாத்தைப் படியடியில் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். வழியில் காண்கிற எவரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டாவிட்டால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

சுஜீவாவின் வேலை பெற்றோல் ஷெட் தேடுவது. டீசல் இருந்தால் மட்டும் போதாது, கரவனோடு நுழைந்து பின்னுக்கு எடுக்காமலே வெளியேறக்கூடிய ஷெட்டாகவும் இருக்கவேண்டும். பின்னுக்கு எடுப்பதில் யோகேஸ்வரன் சூரன் இல்லை. மில்டூராவில் ஒரு தபால்பெட்டி அதற்குச் சாட்சி.

காலையில், முதல் ஷெட்டில்தான் அந்தப் பெண் நின்றாள். நாற்பது பாகை வெயிலில் தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். யோகேஸ்வரன் வழக்கம்போல அவளைக் கூப்பிட்டு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளே ஏற்றிவிட்டுக் காசு கட்டப் போய்விட்டார். சுஜீவா கழிப்பறையிலிருந்து திரும்பியபோது கரவனுக்குள் ஒருவரும் இல்லை. படியடியில் மட்டும் மண்ணிறச் சப்பாத்து ஒரு சோடி, வாசலைப் பார்த்தபடி இருந்தது.

"மனுசி போயிட்டுது போல," என்றார்.

"வெறுங்காலோடையோ?"

அவர் சிரித்தார். அவள் அந்தச் சப்பாத்துகளை எடுத்து ஷெட்டின் சுவரோரமாக வைத்தாள். உள்ளே இன்னும் கால்சூடு இருந்தது. எங்கள் வீடுகளில் வாசலில் செருப்புக் கிடந்தால் ஆள் உள்ளே என்று அர்த்தம். அதைச் சின்னப் பிள்ளைக்குக்கூட யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வண்டி கூடக் குடித்ததால் குறித்து வைத்த ஷெட் வரைக்கும் போக முடியவில்லை. இடையில் இன்னொன்றில் நிற்க வேண்டி வந்தது. இரண்டு பம்பும் ஒரு தகரக் கூரையும், கூரையில் காகமும். இம்முறை யோகேஸ்வரன் கரவனைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சுஜீவா காரிலிருந்தே பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். டீசல் இறங்கும் சத்தம், சூடான தார் மணம், தகரம் வெயிலில் முறுகி முறுகிக் கிடுகிடுத்த ஒலி, இவற்றுக்கு நடுவே கரவனின் வாசல்பக்கம் மெல்லத் தாழ்ந்து நிமிர்ந்தது. ஓர் ஆள் படியேறினால் எப்படித் தாழுமோ அப்படி. பிறகு மறுபடியும். நான்கு தரம்.

இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தாள். படியடியில் நாலு சோடி சப்பாத்து. ஒரு சோடி அவள் உள்ளங்கைக்குள் அடங்கும்.

யோகேஸ்வரன் இம்முறை சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்தார். கட்டில், மேசை, பிள்ளையார். ஆளில்லை. ஆனால் நிறையப் பேர் மூச்சுவிட்ட அறையின் வெக்கையும், நனைந்த கம்பளியின் நாற்றமும் முகத்தில் வந்து மோதின. அவர் கதவைச் சாத்தி இரண்டு தரம் பூட்டினார். தன் மனிதன் ஒரு பூட்டை நம்பாததைச் சுஜீவா முப்பத்தொரு வருடத்தில் முதன்முறையாகப் பார்த்தாள், பயந்துபோனாள்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண் முப்பத்தொன்று காட்டியது. பிறகு முப்பத்தெட்டு.

போன் எதையும் பிடிக்கவில்லை. எதிரே ஒரு லொறியும் வரவில்லை. சமவெளி இரண்டு பக்கமும் சிவப்பாகக் கிடந்தது, வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பாரம் கூடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும். குடித்தால் நிற்க வேண்டும். நின்றால் ஏறுவார்கள்.

"இஞ்சருங்கோ, கரவனைக் கழட்டி விட்டிட்டுப் போவம்."

யோகேஸ்வரன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"கழட்டுறதெண்டாலும் நிக்கவேணுமே, சுஜீவா."

நாற்பத்தாறு. மலையேறுவதுபோல இயந்திரம் முனகியது. பாதை தட்டையாகத்தான் இருந்தது. டீசல் குறைந்துவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்து பதினைந்து நிமிடத்தில் ஒரு ஷெட் தெரிந்தது. அவளுடைய பட்டியலில் இல்லாத ஷெட். அகலமான சிமெந்துத் தளம். நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி. எவ்வளவு நீளக் கரவனும் நிற்கலாம். பம்புக்குப் பக்கத்தில் வந்து வண்டி தானாகவே நின்றது.

"நீர் இறங்காதேயும்," என்றார் யோகேஸ்வரன். "என்ன நடந்தாலும்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். பம்பில் எண்கள் ஓடத் தொடங்கின. இருபது. முப்பது. ஷெட்டுக்குள் விளக்கு எரிந்தது, ஆளைக் காணவில்லை. சுஜீவா மடியில் கையை இறுக்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் இருந்தாள்.

பிறகு பார்த்தாள்.

கரவன் தாழ்ந்தது. நிமிர்ந்தது. தாழ்ந்தது. நிமிரவில்லை. தாழ்ந்துகொண்டே இருந்தது. அவள் எண்ணுவதை விட்டாள். எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாக ஒருதரம், இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, மெல்ல, ஆறுதலாக. அந்த ஏறுகை அவளுக்குத் தெரியும். முழங்கால் நோவால் அப்படி ஏறுகிறவர் ஒருவர்தான்.

பம்பில் எண்கள் நின்றிருந்தன. அவரைக் காணவில்லை.

"இஞ்சருங்கோ."



எப்போது இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கரவனைச் சுற்றிப் போனாள். கலியாண வீட்டு வாசல்போலச் சிமெந்துத் தளம் முழுக்கச் சப்பாத்துகள். வரிசை வரிசையாக. எல்லாம் கதவைப் பார்த்தபடி. முன்வரிசையில் அந்த மண்ணிறச் சோடி. அவள் சுவரோரம் வைத்துவிட்டு வந்தது.

கடைசி வரிசையில் யோகேஸ்வரனுடையது. காலுறைகளைச் சுருட்டி உள்ளே செருகியிருந்தார், எப்போதும் செய்வதுபோல.

அதற்குப் பக்கத்தில் சிவப்புச் செருப்பு ஒரு சோடி. அவளுடையது.

சுஜீவா குனிந்து தன் கால்களைப் பார்க்கவில்லை. சிமெந்து உள்ளங்காலில் சுட்டது.