செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியடு

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நூலகத்துக்குள் வந்த ரோவனா பெல், கோட்டைக்கூடக் கழற்றாமல் லொரெய்ன் பிக்கெட் முன்னால் நின்றாள். பால் லாரி ஓட்டுகிறவரின் மகள். உதவித்தொகையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். காலேஜில் இடம் கிடைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

"மூணு மணிக்கு என்னை ஸ்கூலை விட்டே வெளிய அனுப்பப் போறாங்க, மிஸ் பிக்கெட். புதன்கிழமை எழுதின கணக்குப் பரீட்சையோட கேள்வித்தாள் காப்பி நேத்து என் லாக்கர்ல இருந்துச்சாம். சத்தியமா நான் எடுக்கல. இங்க பேர் கெட்டா காலேஜும் போச்சு."

"யாரு பாத்ததாம்?"

"யாரோ சாட்சி இருக்காங்களாம். யாரு, எப்போன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

லொரெய்ன் இருபது வருடம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலப் போலீஸில் துப்பறிந்தவர். இப்போது இந்தப் பள்ளியின் பாதுகாப்பு அவர் பொறுப்பு. அவர் நிதானமாக இருந்தார். நூலகர் கஸ்ஸுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"லாக்கருக்குப் பூட்டே கிடையாது. யார் வேணா வெச்சிருக்கலாம். திருட மாட்டோம்னு பசங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க, அதுவே பூட்டுன்னு நம்ம தலைமையாசிரியருக்குப் பெருமை."

"பெருமை இருக்கட்டும் கஸ். வருகைப் பதிவேட்டையும் பார்வையாளர் நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

"இந்த வாரப் பதிவேடா? தலை சுத்தும். திங்கக்கிழமை பனி கொட்டி லீவு விட்டதுல எல்லாம் ஒருநாள் தள்ளிப் போச்சு. நானே ரெண்டு தடவை வகுப்பு மாறிப் போய் நின்னேன்."

மூன்று மணிக்குக் கூட்டம் கூடியது. தலைமையாசிரியர் விட்கோம்ப் சாட்சியை அழைத்தார். மார்கோ லாத்ரப், பெற்றோர் சங்கத் தலைவி. ரோவனாவின் வகுப்பிலேயே படிக்கும் கோல்பியின் அம்மா. கோல்பி ஷூவையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நோட்டுகளையும் லொரெய்ன் முன்னால் வைத்துவிட்டு கஸ் கதவோரம் நின்றார். அந்த அம்மாள் சொன்னால் மறுபேச்சே கிடையாது.

"செவ்வாய்க்கிழமை ரெண்டாவது பீரியடு. கணக்கு வாத்தியார் ரூம்லேருந்து இந்தப் பொண்ணு காகிதத்தோட வெளிய வந்தா. என் கண்ணால பாத்தேன்."

"அந்த நேரந்தான்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" லொரெய்னின் குரல் உயரவில்லை.

"செவ்வாய் ரெண்டாவது பீரியடு அவங்க வகுப்புக்கு ஃப்ரீ. கோல்பியோட கேன்டீன்ல உக்காந்து சூடா சாக்லேட் குடிச்சேன். போற வழியிலதான் பாத்தேன்."

"கால அட்டவணை மனப்பாடமா?"

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ்லயே ஒட்டியிருக்கு. நான் பொறுப்பான அம்மா."

"அதுலதான் வந்துச்சு வினை. பனியால லீவு விட்டா இங்க அந்த நாள் பாடம் விட்டுப் போகாது, மறுநாளைக்குத் தள்ளும். செவ்வாய்க்கிழமை நடந்தது திங்கக்கிழமைப் பாடம். ரெண்டாவது பீரியடு லத்தீன் வாய்மொழித் தேர்வு." லொரெய்ன் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "ரோவனா பத்து நிமிஷம் பதில் சொல்லியிருக்கா. அடுத்து கோல்பி. அப்போ நீங்க யாரோட சாக்லேட் குடிச்சீங்க?"

மார்கோ பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை இந்தப் பள்ளிக்குள்ள கால் வெச்ச யாருக்கும் இந்தத் தப்பு வராது. நீங்க அன்னைக்கு வரவே இல்ல. நோட்டுல உங்க பேரு இருக்கிறது போன வெள்ளிக்கிழமையும் நேத்தும்தான். போன வெள்ளிக்கிழமை கணக்கு வாத்தியார் ரூமுக்கு பிஸ்கட் தட்டு கொண்டு போயிருக்கீங்க. நேத்து எதுக்கு வந்தீங்க?"

"அபாண்டம். நான் எதுக்கு..."

"தாள் வெளிய போயிருச்சுன்னு வாத்தியார் புதன்கிழமையே கண்டுபிடிச்சுட்டார். அந்தப் பழியைச் சுமக்க ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு."

மார்கோ வக்கீலைக் கூப்பிடப் போனைத் தேடினாள். அதற்குள் கோல்பி எழுந்துவிட்டான்.

"நான் அந்தத் தாளைப் பாத்துட்டுத்தான் பரீட்சை எழுதினேன், சார். அம்மாதான் கொடுத்தாங்க. ரோவனாவை விட்டுருங்க."

ரோவனா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கஸ்ஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. விட்கோம்ப் மேஜையில் இருந்த நீக்க உத்தரவில் ரோவனாவின் பெயரை அடித்துவிட்டு, அதே தாளில் கோல்பியின் பெயரை எழுதினார்.

"உனக்காகத்தானேடா செஞ்சேன்," என்றாள் மார்கோ. "எல்லாம் உனக்காகத்தானே."

"கணக்குல தொண்ணூத்தெட்டு மார்க்குன்னு அப்பாகிட்ட நான் சொன்னப்போ," என்றான் கோல்பி, "நீயும் கூட நின்னு கை தட்டினியேம்மா."